பிள்ளையின் முதல் செடி: பங்சார் வெயிலுக்கு எது எளிது?

நம் நாட்டுத் தமிழர்களுக்குத் ‘தோட்டம்’ என்ற சொல் இரண்டு பொருள் தரும். ஒன்று, காய்கறியும் பூவும் வளரும் தோட்டம். இன்னொன்று, நம் தாத்தா பாட்டிகள் பால் மரம் சீவிய இரப்பர்த் தோட்டம். பங்சார் இந்த இரண்டாவது தோட்டத்திலிருந்து பிறந்த இடம். புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியர்களின் பெயரில் இயங்கிய இரப்பர்த் தோட்டம்தான் இந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று அங்கே இரப்பர் மரம் இல்லை. மாடி வீடுகளும் கடைவரிசைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பசார் மாலாமும் இருக்கின்றன.

ஆனால் தோட்டம் முழுதாகப் போய்விடவில்லை. பங்சார் குன்றுச் சரிவில், உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் பாதைக்குக் கீழே, சுமார் எட்டு ஏக்கர் நிலத்தில் ‘கெபுன்-கெபுன் பங்சார்’ என்ற சமூகத் தோட்டம் இருக்கிறது. கட்டடம் கட்ட முடியாமல் கிடந்த அந்த நிலத்தில், நிலத்தோற்றக் கலைஞர் இங் செக் சானும் தன்னார்வலர்களும் 2017-ஆம் ஆண்டு இதைத் தொடங்கினார்கள். இன்று அங்கே கீரைப் பாத்திகள் இருக்கின்றன, பழமரங்கள் இருக்கின்றன, கோழியும் ஆடும் இருக்கின்றன. வார இறுதியில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

அப்படி வரும் பிள்ளைகளில் பலர், வெண்டைக்காய் மேல்நோக்கி வளர்வதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் கீரையும் வைத்துப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இரண்டு தலைமுறைக்குள் அந்த அறிவு கைநழுவிப் போயிற்று. அதைத் திரும்பப் பெற எட்டு ஏக்கர் வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நான்கு தொட்டிகளுக்கு இடம் இருந்தால் போதும். எப்படித் தொடங்குவது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

எளிது என்றால், எந்த ஊரில் எளிது?

பிள்ளைகளுக்கான தோட்டப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘எளிதில் வளர்பவை’ என்ற பட்டியலில் கேரட், தக்காளி, முள்ளங்கி, ஸ்ட்ராபெரி எல்லாம் இருக்கும். ‘வசந்த காலத்தில் விதைக்கவும்’ என்று விதைப் பொட்டலம் சொல்லும். நமக்கு வசந்த காலம் ஏது?

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸ். இரவிலும் 24 பாகை வாக்கில் இருக்கும். கேரட் குளிர்ச்சியை விரும்பும் செடி. இங்கே தாழ்நிலத்தில் அது இலையைக் கொடுக்கும், கிழங்கைச் சரியாகக் கொடுக்காது. தக்காளிக்கு இரவு வெப்பம் அதிகமானால் மகரந்தம் கெடும், பூ உதிரும். அதோடு நம் மண்ணில் இருக்கும் பாக்டீரியா வாடல் நோய், நன்றாக நின்ற செடியை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். கேமரன் மலையில் இவை நன்றாக விளைகின்றன. காரணம், அங்கே உயரம் தரும் குளிர்ச்சி.

ஆகவே, பொட்டலத்தின் படத்தைப் பார்த்து விதை வாங்காதீர்கள். முதல் செடியே தோற்றுப்போனால், ‘எனக்குச் செடி வளர்க்க வராது’ என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். தவறு பிள்ளையுடையது அல்ல, தேர்ந்தெடுத்த பெரியவர்களுடையது. நம் வெயிலையும் மழையையும் விரும்பும் செடிகளிலிருந்து தொடங்க வேண்டும். காங்கோங், தண்டுக்கீரை, வெண்டை, பயற்றங்காய் ஆகிய நான்கும் அத்தகையவை.

முதல் வாரம்: மண் இல்லாத ஒரு சோதனை

தொட்டி வாங்குவதற்கு முன் ஒரு பிடி பச்சைப் பயறை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சு விரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு வையுங்கள். ஒன்றைச் சன்னலோரம் வையுங்கள். மற்றொன்றை ஒரு காலி மைலோ டின்னால் கவிழ்த்து மூடுங்கள். தினமும் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளிக்கவும்.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: “எது உயரமாக வளரும்?” பெரும்பாலும் ‘வெளிச்சத்தில் இருப்பது’ என்று பதில் வரும். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் டின்னைத் தூக்கினால் வியப்பு காத்திருக்கும். இருட்டில் இருந்த முளைதான் உயரமாக இருக்கும். வெளுத்து, மெலிந்து, நீண்டிருக்கும். வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக, தடித்து, பச்சையாக நிற்கும். ஏன்?

விதைக்குள் ஒரு சிறு செடியும் அதற்கான கட்டுச்சோறும் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனதும் விதை ஊதுகிறது. உள்ளே நொதிகள் வேலை செய்யத் தொடங்கி, சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முதலில் வேர் வெளியே வருகிறது, பிறகு தண்டு. சுற்றிலும் இருட்டு என்றால், தான் மண்ணுக்குள் புதைந்திருப்பதாகவே முளை நடந்துகொள்கிறது. பச்சையம் செய்வதில் உணவைச் செலவிடாமல், வெளிச்சத்தை எட்ட நீளமாவதில் முழுவதையும் செலவிடுகிறது. கட்டுச்சோறு தீருவதற்குள் வெளிச்சம் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும்.

நாம் சந்தையில் வாங்கும் தவ்கே இப்படி இருட்டில் வளர்த்த முளைதான். அது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று இனி உங்கள் பிள்ளையே சொல்லிவிடும். ஒரு செய்தியை ஊகித்து, சோதித்து, ஊகம் தவறினால் காரணம் தேடுவது அறிவியலின் அடிப்படைப் பாடம். அது ஐந்து நாளில், ஒரு பிடி பயற்றில் முடிந்துவிட்டது.

வெயில், தொட்டி, மண்

காய்கறிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு மணி நேர நேரடி வெயில் வேண்டும். ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்லது. உங்கள் பால்கனியில் எவ்வளவு கிடைக்கிறது? ஒரு விடுமுறை நாளில், பிள்ளை மணிக்கொரு முறை போய்ப் பார்த்து, தரையில் வெயில் விழுந்தால் ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று குறிக்கட்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஆகவே, வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஆண்டின் நடுப்பகுதியிலும், தெற்குப் பார்த்த பால்கனிக்கு ஆண்டு இறுதியிலும் வெயில் கூடும். ஜூன் மாதம் நன்றாக வளர்ந்த செடி டிசம்பரில் சோர்ந்தால், தொட்டியை வேறு பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

தொட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். பழைய பெயின்ட் வாளியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சமையல் எண்ணெய் டின், ஐஸ்கிரீம் பெட்டி, நாற்றுப் பண்ணையில் விற்கும் கறுப்புப் பாலிபேக் ஆகியவை போதும். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமும், வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் 30 சென்டிமீட்டர் ஆழமும் வேண்டும். அடியில் ஓட்டைகள் கட்டாயம். ஓட்டையைப் பெரியவர்கள் போடட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் செம்மண் பார்வைக்கு அழகானது. அதன் சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். ஆனால் களிமண் அதிகம், மழையில் பிசினாகும், வெயிலில் கல்லாகும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் இது தெரியும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களியோ மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

அதனால்தான் நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளில் மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்று கலக்கிறார்கள். இந்த 3:2:1 கணக்கைப் பிள்ளையே ஒரு பழைய குவளையால் அளந்து கலக்கட்டும். பள்ளியில் படிக்கும் விகிதக் கணக்கு கையில் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு செடிகள், நான்கு பாடங்கள்

காங்கோங்: பொறுமை குறைந்த பிள்ளைக்கு இதுவே முதல் செடி. விதையை ஓர் இரவு ஊற வைத்து, ஒரு விரல் நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் கவட்டை போல நடுவில் பிளந்திருக்கும். அடுத்து வரும் உண்மை இலை அப்படி இராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். 25 முதல் 30 நாளில் அறுவடை. வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு கணுக்களை விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். வெட்டிய தண்டைக் குறுக்கே பாருங்கள். நடுவில் குழல் போல வெற்றிடம் இருக்கும். காங்கோங் நீரில் வாழும் கொடி. மிதக்கவும், நீருக்கடியில் உள்ள பகுதிக்குக் காற்றுச் செல்லவும் அந்தக் குழல் உதவுகிறது.

தண்டுக்கீரை: பச்சை, சிவப்பு இரண்டும் கிடைக்கும். விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மிக மெல்லிய மண் போர்வை போதும். முளைத்தபின் நெருக்கமானவற்றைக் களைய வேண்டும். ‘நன்றாக இருப்பதை ஏன் பிடுங்க வேண்டும்?’ என்று பிள்ளை கேட்கும். ஒரு தொட்டியில் களைந்தும், ஒரு தொட்டியில் களையாமலும் விட்டு மூன்று வாரம் கழித்து ஒப்பிடுங்கள். பதில் தானே கிடைக்கும். களைந்த நாற்றுகளும் வீணல்ல, ரசத்தில் போடலாம். சிவப்புக் கீரை சோற்றை இளஞ்சிவப்பாக்கும். பீட்ரூட்டின் சிவப்பைச் சேர்ந்த நிறமிக் குடும்பம்தான் இதற்கும் காரணம்.

வெண்டை: இது பூவுக்காகவே வளர்க்க வேண்டிய செடி. சுமார் 40 நாளில் பூக்கும். மஞ்சள் இதழ், நடுவில் அடர்சிவப்பு. காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அதை நம் தேசிய மலரான செம்பருத்தியோடு வைத்துப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், அதைச் சுற்றி மகரந்தம் என்று இரண்டும் ஒரே அமைப்பு. ஒரே குடும்பத்துச் செடிகள் அவை. பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒரு காயை மட்டும் பறிக்காமல் முற்ற விடுங்கள். அது நாராகி, காய்ந்து வெடிக்கும். அடுத்த விதைப்புக்கு விதை தயார். செடியின் சுணை சிலருக்கு அரிக்கும். கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது.

பயற்றங்காய்: இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கயிறோ மூங்கிலோ வேண்டும். கொடி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். வலுக்கட்டாயமாக எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டாலும் அது தன் வழிக்கே திரும்பும். பிஞ்சு விட்டபின் ஒரு காயை அடையாளமிட்டு, தினமும் அளவுகோலால் அளந்து வரைபடம் போடுங்கள். முதலில் மெல்ல, பிறகு வேகமாக, பிறகு மீண்டும் மெல்ல என்று வளர்ச்சி நடப்பது தெரியும். கடைசியில் கொடி காய்ந்ததும் வேரைக் கழுவிப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் இருக்கக்கூடும். அவற்றில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. மண்ணுக்குள் நடக்கும் பண்டமாற்று இது.

தண்ணீரும் கொசுவும்

பிள்ளைகள் செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்பினால்தான். காலை, மாலை, பள்ளி விட்டு வந்ததும் என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிறைந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை படும் தொட்டிக்குப் பல நாட்கள் நாம் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே, தட்டே இல்லாமல் வைப்பது சிறந்தது. இருந்தால், வாரம் ஒரு முறை தவறாமல் தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால்தான் இந்தத் தேய்த்தல். ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கென்று ஒதுக்குங்கள். தோட்டம் வைப்பவர் அண்டை வீட்டாருக்கும் பொறுப்புள்ளவர் என்பதைப் பிள்ளை இந்த வேலையில்தான் கற்கும்.

இன்னும் மூன்று விதிகள். ஒன்று, நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது. நம் ஊரில் காணப்படும் பெரிய ஆப்பிரிக்க நத்தை, மூளையைத் தாக்கக்கூடிய ஓர் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடும். இரண்டு, மண்ணைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வேக வைத்தே சாப்பிட வேண்டும். மூன்று, கால்வாய் ஓரத்தில் தானாக வளரும் காங்கோங்கைப் பறிக்கக் கூடாது. கழிவுநீரில் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை அது உறிஞ்சி வைத்திருக்கும்.

பூச்சி வந்தால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். பயற்றங்காய்க் கொடியில் அசுவினி மொய்த்தால், அங்கே எறும்பும் இருக்கும். அசுவினி வெளியிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து இந்தக் காட்சியைப் பார்க்க விடுங்கள். பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

செடி செத்துப்போனால்

இவ்வளவு செய்தும் ஒரு செடி சாகத்தான் செய்யும். குறிப்பாகப் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் ஊருக்குப் போய் வந்த பிறகு.

அப்போது பெற்றோர் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பிள்ளை அழுமே என்று நாற்றுப் பண்ணையில் இன்னொரு செடியை வாங்கி, அதே தொட்டியில் இரவோடு இரவாக நட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் செடி பிள்ளையுடையது. அதன் சாவும் பிள்ளை அறிய வேண்டியது. செத்த செடியைப் பிடுங்கி, வேரைப் பாருங்கள். கறுத்துக் குழைந்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம். காய்ந்து முறிந்தால் தண்ணீர் குறைவு. தண்டில் கடித்த தடம் இருந்தால் பூச்சியோ நத்தையோ. நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு காரணத்தை எழுதச் சொல்லுங்கள். யாரையும் திட்ட வேண்டாம். மறுபடியும் விதைக்கலாம். கீரைக்கு இன்னும் நான்கு வாரம்தானே!

அதே போல, பிள்ளை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். பாத்தி கோணலாக இருக்கட்டும். விதை கொஞ்சம் ஆழமாகப் போகட்டும். நீங்கள் ஊன்றிய நேரான வரிசையைவிட, பிள்ளை ஊன்றிய கோணல் வரிசையைத்தான் அது தினமும் எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்க்கும்.

தட்டுக்கு வரும் நாள்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப் பாதிப்பு ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 400 கிராம். பெரியவர்களே சாப்பிடாத வீட்டில் பிள்ளை மட்டும் எப்படிச் சாப்பிடும்?

புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள, சில நேரம் பத்து, பதினைந்து முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று உணவு ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். தானே வளர்த்த கீரையை ஒரு வாய் வைத்துப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாக முன்வருகிறார்கள் என்பதையும் பள்ளித் தோட்டங்கள் பற்றிய பல ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாப் பிள்ளைகளும் மாறிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘கீரையா, வேண்டாம்’ என்பதற்கும் ‘இது நான் வளர்த்தது’ என்பதற்கும் தூரம் அதிகம்.

இந்தச் சனிக்கிழமை இரவு ஒரு பிடி காங்கோங் விதையை ஊறப் போடுங்கள். ஞாயிறு காலை பிள்ளையின் கையால் ஊன்ற விடுங்கள். ஊன்றிய தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். முப்பதாம் நாள் வாக்கில் ஒரு கட்டு கீரை வெட்டலாம். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி வரும். முதல் கரண்டியை, அதை வளர்த்தவரே எல்லோருக்கும் பரிமாறட்டும். தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவர்களுடைய லயத்து வீட்டின் பின்புறம் என்ன வளர்ந்தது என்று அப்போது கேளுங்கள். அடுத்து எதை நடலாம் என்பதற்கு அங்கேயே பதில் கிடைக்கும்.